ஏழு தடவை படித்தவர்

ஜனவரி 2, புதன்

முதலில் வெட்கக்கேட்டை எழுதிவிடுகிறேன். இன்று மதியம் வடபழனியில் ஒரு டப்பிங் தியேட்டர் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, உள்ளே உட்கார்ந்து நாவல் படித்து வாய்விட்டு அழுதேன். ஐம்பத்தோரு வயது, நரைத்த மீசை, நெற்றியில் பட்டை. வாட்ச்மேன் ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினான்.

"இன்னா அண்ணே, நெஞ்சு வலியா?"

"இல்லடா, கெணத்துல ஒர்த்தன் செத்துப் பூட்டான்."

அந்தக் கட்டடத்துக்குப் பின்னால் நிஜமாகவே ஒரு பழைய கிணறு இருக்கிறதாம். டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினான். நான் தடுக்கவில்லை. உடம்புக்கு நல்லது.

இந்த டைரி தயாரிப்பாளர் செங்கோடன் கம்பெனியில் புதுவருஷத்துக்குக் கொடுத்தது. சாருக்கு நாலு வந்தது. ஒன்றை என் மடியில் போட்டு, "படிக்கிறத எழுதி வைய்யா, உனக்கு மறதி ஜாஸ்தியாயிடுச்சு" என்றார். சார் என்றால் திரைக்கதை ஆசிரியர் தில்லைநாயகம். நாவலைப் படமாக்குவதில் இவரை அடிக்க ஆளில்லை என்று பத்திரிகைகளில் போடுவார்கள். ஒன்பது நாவல், ஒன்பது படம், எட்டு வெற்றி. நான் அவருடைய டிரைவர். பெயர் எத்திராஜ், ஊர் வியாசர்பாடி, ஆறாம் வகுப்பு பெயில்.

நாவலைப் படிப்பது நான். சார் படிப்பதில்லை.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் முதல் நாவல் கைக்கு வந்த வாரம் அவருக்கு மெட்ராஸ் ஐ. கண் இரண்டும் தக்காளி. என்னைப் படித்துக் காட்டச் சொன்னார். நான் எழுத்துக்கூட்டிப் படித்த அழகைக் கேட்டு, "நிறுத்துய்யா, நீ முடிக்கறதுக்குள்ள எனக்கு அறுபதாம் கல்யாணம் வந்துடும். படிச்சிட்டு கதையா சொல்லு" என்றார். வாய் மட்டும் எனக்குப் பெயில் ஆகவில்லை. மகாபலிபுரம் போய் வருவதற்குள் சொல்லி முடித்தேன். படம் நூறு நாள். இரண்டாவது நாவலைக் கண் நன்றாக இருக்கிறதே என்று அவரே படித்து எழுதினார். முதல் நாள் மேட்னிக்கே தியேட்டரில் ஈ ஓட்டினார்கள். அன்றோடு அது சென்டிமென்ட் ஆகிவிட்டது. நாவலைச் சார் விரலால்கூடத் தொடமாட்டார். முன்சீட்டில் என் பக்கத்தில்தான் கிடக்கும்.

ஜனவரி 3, வியாழன்

வைப்பர் ரப்பர் மாற்றினேன். நாவலில் கிணற்றுக்குத் தண்ணீர் வந்துவிட்டது. செத்தவன் பெண்டாட்டி மட்டும் குடிக்கவில்லை.

ஜனவரி 5, சனி

முடித்துவிட்டேன். மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன்.

நாவல் பெயர் 'பதினோராவது கிணறு'. எழுதியவர் எஸ்தர் ராஜாமணி, சாத்தூர்ப் பக்கம், நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். பண்ணையாருக்குப் பதினோராவது கிணறு வெட்டப் போன இடத்தில் மண் சரிந்து வெள்ளத்தாயின் புருஷன் சாகிறான். மூன்றாம் நாள் அதே கிணற்றில் தண்ணீர் வந்துவிடுகிறது. கல்கண்டு மாதிரித் தண்ணீர். ஊரே குடிக்கிறது. வெள்ளத்தாய் மட்டும் தொடமாட்டாள். தினமும் இரண்டு மைல் நடந்து உப்புத் தண்ணீர் சுமந்து வருவாள். கிழவியாகிறாள். கடைசிப் பக்கத்தில் கால் முடியாமல் அந்தக் கிணற்றடியில் வந்து உட்காருகிறாள். பேத்தி ஒரு செம்பு மொண்டு நீட்டுகிறது. வாங்கி, புருஷன் புதைந்த பக்கம் பார்த்து ஊற்றிவிட்டு, காலிக் குடத்தோடு எழுந்து போகிறாள். அவ்வளவுதான் கதை.

சரோஜா, என் சம்சாரம், கேட்டுவிட்டு, "புடிவாதக்காரி" என்றாள். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனாள்.

ஜனவரி 9, புதன்

சார் டிவியில் பேட்டி கொடுத்தார். நான் செட்டுக்கு வெளியே நின்று ஸ்பீக்கரில் கேட்டேன். "ஒரு நாவலை நான் ஏழு தடவை படிப்பேன். முதல் தடவை வாசகனா, ரெண்டாவது தடவை எதிரியா..." மூன்றாவது தடவை என்னவாகப் படிப்பார் என்று கேட்பதற்குள் டீ வந்துவிட்டது.

வரும்போது கேட்டேன்: "சார், அந்த ஏழு தடவையில நான் எத்தினியாவது தடவை?"

சிரித்தார். நானும் சிரித்தேன். அசோக் பில்லர் சிக்னலில் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அவருக்கு நிற்கவில்லை.

ஜனவரி 15, செவ்வாய், பொங்கல்

லீவு. ரேஷன் கடையில் பொங்கல் பை வாங்கினேன். கரும்பு என் கட்டைவிரல் தடிமன். சரோஜா ஸ்மார்ட் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பீரோவில் வைத்தாள். கார்டில் மூன்று பெயர். பழைய புத்தகக் கார்டில் நாலு இருந்தது. ஆதார் நம்பர் கொடுத்தால்தான் பெயர் ஏறும் என்றார்கள். நாலாவது பெயருக்கு ஆதார் எடுக்க ஆள் இல்லை. ஒன்பது வயதோடு நின்றுபோன பெயர். அதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

டயரில் காற்று பார்க்க வேண்டும்.

ஜனவரி 21, திங்கள்

பிப்ரவரி பத்தாம் தேதி சாருக்குப் பாராட்டு விழா. அன்றைக்கு அவருடைய திரைக்கதைகளைப் புத்தகமாக வெளியிடுகிறார்கள். அச்சகத்திலிருந்து முன்னுரை புரூப் வாங்கி வரச் சொன்னார். வரும் வழியில் படித்தேன். எழுத்துக்கூட்டித்தான். ஆனால் ஒரு எழுத்து விடவில்லை.

எல்லாருக்கும் நன்றி இருக்கிறது. சம்சாரம் கோமதியம்மாவுக்கு, தயாரிப்பாளர்களுக்கு, எழுதும்போது காலடியில் படுத்திருந்த நாய் டைகருக்கு. டைகர் என்னைக் கடித்த நாய். போகட்டும்.

மூன்றாம் பக்கத்தில் மில் தொழிலாளி படத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். அதில் ஒரு காட்சி ரொம்பப் பிரபலம். மகள் செத்துப்போன அப்பன், ரேஷன் கார்டில் அவள் பெயரை எடுக்கவிடமாட்டான். மாதாமாதம் அவள் பங்குச் சர்க்கரையையும் வாங்கி, தனி டப்பாவில் கொட்டிவைப்பான். எறும்பு மொய்க்கும். தட்டிவிடமாட்டான். தியேட்டரில் பெண்கள் எழுந்து வெளியே போய்விட்டு வந்தார்கள். சார் எழுதியிருப்பது: "இக்காட்சி மூல நாவலில் இல்லை. அது என் சொந்தக் கண்ணீர்."

நாவலில் இல்லைதான். அந்த நாவலைச் சொல்லும்போது நான்தான் கலந்துவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. பூந்தமல்லி ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம், வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போயிற்று.

புரூப்பைக் கொடுத்தேன். "படிச்சியா?" என்றார்.

"டைகருக்கு நன்றி சொல்லியிருக்கீங்க சார், அது கண் கலங்கும்" என்றேன்.

ஜனவரி 22, செவ்வாய்

இன்று சார் 'பதினோராவது கிணறு' கதையைக் கேட்டார். ஈசிஆர் போய்வரும் வழியில் சொன்னேன். எல்லாம் சரியாகத்தான் சொன்னேன். கடைசிப் பக்கம் மட்டும், வெள்ளத்தாய் அந்தத் தண்ணீரைக் குடித்து, "இனிக்குதுய்யா" என்று பண்ணையார் காலில் விழுவதாகச் சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. ஏசி சரியாக வேலை செய்யவில்லை. வெயில்.

"அட்டகாசம்யா" என்றார் சார்.

ஜனவரி 25, வெள்ளி

ஏசி கேஸ் நிரப்பினேன். மெக்கானிக், ஏசியில் கோளாறே இல்லை என்கிறான். அவனுக்கு என்ன தெரியும்.

ஜனவரி 28, திங்கள்

செங்கோடன் ஆபீஸில் இன்று சார் கதை சொன்னார். சினிமாவில் யாரும் எழுதியதைப் படிப்பதில்லை. எதிரே உட்கார்ந்து வாயால் சொன்னால்தான் கதை. ஹீரோ தம்பிக்குப் பண்ணையார் வேஷம். சாத்தூரிலிருந்து எஸ்தர் அம்மாவையும் வரவழைத்திருந்தார்கள், கேட்டுவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட. அறுபத்தைந்து வயசிருக்கும். கிளிப்பச்சைச் சேலை, கையில் ஒயர் கூடை. சாருக்குத் தொண்டை கட்டாமல் இருக்க வெந்நீர் பிளாஸ்கோடு நான் கதவோரம் நின்றேன்.

இரண்டு மணி நேரம். சார் நன்றாகச் சொல்வார், அதை மறைக்கக் கூடாது. மண் சரியும் இடத்தில் செங்கோடன் மூக்கைச் சிந்தினார். கடைசியில் "இனிக்குதுய்யா" என்று சார் தரையில் விழுந்தே காட்டினார். ஹீரோ தம்பி சோபாவிலிருந்து குதித்து எழுந்தார்.

"சார், புல்லரிக்குது. அந்தம்மா குடிக்குது, நான் குனிஞ்சு தூக்குறேன். ஸ்லோமோஷன்!"

எஸ்தர் அம்மா மெதுவாகச் சொன்னார்: "நா அப்படி எழுதலையே."

"நாவல் வேற, சினிமா வேறம்மா" என்றார் சார், மூச்சு வாங்கிக்கொண்டே. "நீங்க எழுதாம விட்ட கடைசிப் பக்கத்த நான் எழுதிருக்கேன்."

எல்லாரும் கை தட்டினார்கள்.

"வெள்ளத்தாய் எங்க அம்மா" என்றார் அந்த அம்மா. "சாகுறப்ப நாக்கு வறண்டு கெடந்துச்சு. அப்பவும் அந்தத் தண்ணி வேண்டாம்னுதான் தலைய ஆட்டுச்சு."

கை தட்டல் நின்றது. கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். சார் என்னைப் பார்த்து, "எத்திராஜ், அம்மாவ எழும்பூர்ல விட்டுட்டு வாய்யா" என்றார்.

வெந்நீர் என் கால்மேல் கொட்டியிருந்தது. காரில் ஏறிய பிறகுதான் எரிந்தது.

அதே நாள்

நுங்கம்பாக்கம் தாண்டும்போது எஸ்தர் அம்மா கேட்டார்.

"ஏன் தம்பி, அவரு என் பொஸ்தகத்தப் படிச்சாரா?"

இனி மறைப்பானேன் என்று சொல்லிவிட்டேன். மெட்ராஸ் ஐயிலிருந்து முன்னுரை வரை எல்லாவற்றையும்.

"அப்ப எங்க அம்மாவ அந்தப் பண்ணையாரு காலுல விழவச்சது நீயா?"

"ஆமாம்மா. கோவத்துல சொல்ட்டேன்."

"யாரு மேல கோவம்?"

"சார் மேல."

"அவரு மேல கோவம்னா அவரப் போயிக் கடிய்யா. எங்க அம்மா வாயில எதுக்குத் தண்ணிய ஊத்துன?"

இதற்கு என்னிடம் நக்கல் எதுவும் இல்லை. தேடிப் பார்த்தேன். வண்டி ஓட்டினேன்.

"சரி, நா எழுதுனத நீ சொல்லு" என்றார்.

சொன்னேன். முதல் பக்கத்திலிருந்து. செம்பை வாங்கி மண்ணில் ஊற்றும் இடம் வரும்போது எழும்பூர் வந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது. ஆட்டோக்காரன் ஒருவன் வண்டியை எடுக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தான். அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த மில்லுக்காரன் படத்துல, ரேஷன் கார்டு. நா வார்டுல எத்தன பிள்ளைகள வெள்ளத்துணி சுத்திக் குடுத்திருக்கேன். அது ஒக்காந்து யோசிச்சு எழுதுறது இல்ல தம்பி." கூடையை எடுத்துக்கொண்டே, "பிள்ள பேரு என்ன?" என்றார்.

"படத்துலயாம்மா?"

"படத்துல இல்ல."

"திலகா" என்றேன். "டெங்கு."

ஆட்டோக்காரன் கதவைத் தட்டினான். இறங்கிப்போய் அவனோடு ஒரு நல்ல சண்டை போட்டேன். உடம்புக்கு இதமாக இருந்தது.

ஜனவரி 31, வியாழன்

எஸ்தர் அம்மா செங்கோடனுக்குப் போன் செய்திருக்கிறார். பத்தாம் தேதி விழாவுக்கு வருவாராம். விழா முடிந்ததும் சார் அவர் எதிரே உட்கார்ந்து, 'பதினோராவது கிணறு' கதையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை எழுதியிருக்கிறபடி சொல்ல வேண்டுமாம். சரியாகச் சொன்னால், கடைசிப் பக்கத்தில் கை வைக்கமாட்டேன் என்றும் ஒப்புக்கொண்டால், கையெழுத்து. இல்லையென்றால் கிணறு சாத்தூரிலேயே இருக்கட்டும் என்றாராம்.

இது நான் சொல்லிக்கொடுத்ததில்லை. நான் கதை சொன்னேன், அவ்வளவுதான்.

பிப்ரவரி 1, வெள்ளி

சார் வீட்டு ஹாலில் வைத்துக் கேட்டார். கோமதியம்மா காபி ஆற்றிக்கொண்டிருந்தார்.

"நீ எனக்குத் தப்பாச் சொன்னியா?"

"ஆமா சார்."

"ஏன்யா?"

"ஏழு தடவை படிச்சீங்களே சார். ஒரு தடவையாச்சும் தெரிஞ்சிருக்குமேன்னு பாத்தேன்."

முகம் சிவந்துவிட்டது. பழைய மெட்ராஸ் ஐ முகம் முழுக்க வந்த மாதிரி.

"வேலைய விட்டுத் தூக்கிடுவேன். ஒழுங்கா இப்ப சரியாச் சொல்லு."

"மறந்துட்டேன் சார். மறதி ஜாஸ்தியாயிடுச்சு." சாவியை டீப்பாய் மேல் வைத்தேன். "நீங்க ஒண்ணு சொல்லுங்க. ரேஷன் கார்டு சீன் எங்கேந்து வந்துச்சு?"

சார் சாவியைப் பார்த்தார்.

"நாவல்ல இருக்குன்னு நெனச்சுதான எழுதுனீங்க. இல்லன்னு எப்ப தெரியும்?"

"விமர்சனம் வந்த அன்னைக்கு" என்றார். "நாவல்ல இல்லாத காட்சின்னு பாராட்டி எழுதியிருந்தாங்க. அன்னைக்கே தெரியும், அது... உன் வீடுன்னு."

இவர் திலகாவுக்கு மாலை வாங்கிக்கொண்டு வந்தவர். என் தோளில் கை வைத்து நின்றவர். தெரிந்த பிறகு பத்து வருஷம் என் பின்னால்தான் உட்கார்ந்து வந்திருக்கிறார். ஒரு சிக்னலில், ஒரே ஒரு சிக்னலில், கேட்டிருக்கலாம்.

இதைத்தான் சத்தமாகச் சொன்னேன். எவ்வளவு சத்தமென்றால் டைகர் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் அந்த வீட்டில் நான் கத்தியது அது ஒரு தடவைதான்.

வாசலில் செருப்பு மாட்டும்போது கோமதியம்மா சாவியைக் கொண்டுவந்து என் சட்டைப்பையில் போட்டார். "அவருக்கு ஓட்டத் தெரியாது. எனக்கு நாளைக்கு பல் டாக்டர். ஒம்பது மணிக்கு வா" என்றார். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எனக்கும் தெரியும் எத்திராஜ். நானும் கேக்கல" என்றார்.

பிப்ரவரி 2, சனி

பல் டாக்டர். அம்மாவுக்குக் கடைவாய்ப் பல் எடுத்தார்கள். திரும்பும்போது நான் ஜோக் அடித்தேன், அவரால் சிரிக்க முடியவில்லை. திருப்தி.

பிப்ரவரி 6, புதன்

சாரோடு பேச்சில்லை. "லெப்ட்", "ரைட்" மட்டும். ரைட்டில் போக வேண்டிய இடத்தில் லெப்ட் சொன்னார். லெப்ட்டில் போனேன். பெரம்பூர் வரை போனோம்.

பிப்ரவரி 7, வியாழன்

அச்சகத்திலிருந்து புத்தகங்கள் ஏற்றி வந்தேன். ஐநூறு பிரதி. கட்டைப் பிரித்து மூன்றாம் பக்கம் பார்த்தேன். சொந்தக் கண்ணீர் அப்படியே இருக்கிறது, நல்ல கெட்டியான மையில். ஒவ்வொரு கட்டையும் மாடிக்குத் தூக்கினேன். படிக்குப் படி ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன். இருபத்தாறு படி. கடைசி நாலு படிக்குப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று.

முன்சீட்டில் இருந்த 'பதினோராவது கிணறு' காணவில்லை.

பிப்ரவரி 9, சனி

சார் மாடியில் தரையில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் கட்டுகள். கறுப்புப் பேனாவால் மூன்றாம் பக்கத்தில் அந்த வரியை அடித்துவிட்டு, மேலே எழுதிக்கொண்டிருந்தார்: "இது எத்திராஜ் வீட்டில் நடந்தது. அவர் சொல்லி நான் எழுதினேன்." ஒவ்வொன்றாக. கை விரல் எல்லாம் மை.

"அச்சகத்துல மாத்த முடியாதுன்னுட்டான்" என்றார், என்னைப் பார்க்காமல்.

"எத்தினி ஆச்சு?"

"அறுபத்தெட்டு."

கோமதியம்மா எனக்கு ஒரு பேனா நீட்டினார். நான் வாங்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்தேன். இரண்டாவது காபியும் குடித்தேன். சாயங்காலம் நான் கிளம்பும்போது இருநூற்றுப் பன்னிரண்டு. மிச்சம் இருநூற்றெண்பத்தெட்டுப் புத்தகத்தில் அது அவருடைய கண்ணீராகவே இருக்கும்.

வீட்டுக்கு ஒரு பிரதி கொண்டுபோனேன். அடித்ததைத்தான். சரோஜாவுக்குப் படிக்கத் தெரியாது. அந்த வரியில் விரலை வைத்துக் காட்டினேன். விரலை எடுத்த பிறகும் அவள் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் தீர்ந்துவிட்டதா என்று கேட்டாள். இல்லை என்றேன். அவளுக்கும் இல்லையாம்.

பிப்ரவரி 10, ஞாயிறு

விழா ஐந்து மணிக்கு. எஸ்தர் அம்மா முன்வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டதாக மூன்றரைக்கே போன் வந்தது. சார் பட்டு ஜிப்பாவில் பின்சீட்டில் ஏறினார். மடியில் 'பதினோராவது கிணறு'. சென்டிமென்ட் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை.

கண்ணாடியில் பார்த்தேன். கண்ணாடி என்றால் வண்டிக் கண்ணாடி. இருபது வருஷமாகப் படிக்காத ஆள். உதடு அசைகிறது, விரல் வரிக்கு வரி நகர்கிறது, என்னைப் போலவே. வடபழனியில் நூறாம் பக்கத்தை ஒட்டி இருந்தார். கோடம்பாக்கம் பாலத்தில் நின்றது முக்கால் மணி நேரம். அங்கே பக்கம் திருப்புவது மெதுவாயிற்று. மண் சரிகிற இடம் நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம், எனக்கு மனப்பாடம். மண்டபத் தெருவுக்குள் திரும்பும்போது சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். தோள் குலுங்கிற்று. வாய்விட்டு ஒரு சத்தம் வந்தது. ஜனவரி இரண்டாம் தேதி எனக்கு வந்த அதே சத்தம். நான் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மண்டப வாசலில் சாருக்கு வைத்திருந்த இருபது அடி பேனரின் இடதுபக்க மூங்கில் மீது வண்டி மோதியது. பேனர் பானெட் மேல் சாய்ந்தது. சாரின் சிரித்த முகம் முன்கண்ணாடி முழுவதையும் மூடிவிட்டதால் வைப்பர் போட்டுப் பார்த்தேன். போகவில்லை. இடது ஹெட்லைட் உடைந்தது. யாருக்கும் காயம் இல்லை. புத்தகம் சீட்டுக்கு அடியில் விழுந்து மூடிக்கொண்டது. சார் எடுத்துத் தூசி தட்டிவிட்டு, எந்தப் பக்கத்தில் இருந்தேன் என்று கேட்டார். முதலிலிருந்து படிக்கச் சொன்னேன்.